ஒன்றுக்கு எவ்வளவு? கல்முனைக் கரையில் அளவும் விலையும்

இலங்கையின் பழைய நிலவளவை நிலத்தை அளக்கவில்லை, விதையை அளந்தது. ஒருவனுக்கு இத்தனை அமுணம் வயல் உண்டு என்றால், அவ்வயலை விதைத்து முடிக்க அத்தனை அமுணம் நெல் வேண்டும் என்பதே அதன் பொருள். சங்கிலியும் கயிறும் பிடியாது, மரக்காலைக் கொண்டே வயலின் பரப்பைச் சொல்லும் இவ்வழக்கு சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேற்றுமையின்றித் தீவு முழுவதும் நிலவியது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில், குறிக்கப்படுவது நெல்லுக்குரிய பரப்போ வரகுக்குரிய பரப்போ என்று பிரித்தெழுதும் மரபும் இதன் எச்சமேயாகும். ஒரே பெயர் கொண்ட அளவு தானியம் மாறியவுடன் வேறு பரப்பைக் குறிப்பது இக்காலத்தார்க்கு விநோதமாகத் தோன்றலாம். உழுபவனுக்கோ அதில் விநோதம் ஒன்றுமில்லை. அவனுக்கு வேண்டியது வயலின் நீள அகலமன்று. வித்துக்கு எவ்வளவு எடுத்து வைக்கவேண்டும் என்பதே.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கிழக்கிற் கடலுக்கும் மேற்கில் வயலுக்கும் இடையே ஒரு நாடாவைப் போலக் கிடக்கும் ஊர்கள் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்பன. சற்று உள்ளே சம்மாந்துறை. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்படும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. முஸ்லிம் ஊரும் இந்து ஊரும் மாறிமாறி அமைந்த இக்கரையில் மொழி ஒன்று, வயல் ஒன்று, அளக்கும் கொத்தும் ஒன்று. ‘வேளாண்மை’ என்ற சொல் இங்கு பொதுவாகப் பயிர்த்தொழிலைக் குறிப்பதை விட்டு, நெற்பயிரையே குறிக்கும் அளவுக்கு நெல் மக்கள் வாழ்வில் ஊறியது. விகிதம், ஓரலகின் விலை என்று பாடசாலைக் கணிதம் கற்பிக்கும் பொருள்கள் ஒரு சமூகத்தின் அன்றாடத்தில் எவ்வாறு இயங்கின என்று ஆராய்வதற்கு இக்கரையினும் தக்க இடம் அரிது.

அமுணம் இடத்துக்கு இடம் மாறுபட்டது. ஐந்து அல்லது ஆறு புசல் நெல் கொண்டது என்றும், நிலமாயின் இரண்டு முதல் இரண்டரை ஏக்கர் என்றும் பிற்காலத்தார் கணக்கிட்டனர். இவ்விரண்டையும் வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு இரண்டு முதல் மூன்று புசல் வித்து என்பது வெளிப்படும். வீசி விதைக்கும் வயலுக்கு ஏக்கருக்கு இரண்டு புசல் என்று இருபதாம் நூற்றாண்டில் வழங்கிய அளவும் இதனோடு ஒத்திருத்தல் காண்க. ஆகவே, ‘அமுணம்’ என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரு விதைப்பு வீதம் மறைந்து கிடந்தது. அச்சொல்லைக் கையாண்டவர்கள் எவரும் அவ்வீதத்தைக் கணக்கிட வேண்டிய தேவை இருக்கவில்லை; சொல்லே கணக்கைச் செய்துவிட்டது.

நிலத்தை வித்தால் அளந்தவர்கள் விளைவை மடங்கால் அளந்தார்கள். விதைத்ததற்கு எத்தனை மடங்கு வந்தது என்பதே கேள்வி. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைத்து முப்பது புசல் கண்டவனுக்குப் பதினைந்து மடங்கு. இக்கூற்றின் உறுதி எத்தகையது என்பதை ஆழ்ந்து நோக்கல் வேண்டும். வித்தை அளந்த மரக்கால் சிறிதாயிருப்பினும் பெரிதாயிருப்பினும், அம்மரக்காலாலேயே விளைவையும் அளந்தால் மடங்கு மாறாது. கள்ள மரக்காலாலும் உண்மையான மடங்கே கிடைக்கும். ஒரே இனத்துப் பொருள்கள் இரண்டை ஒப்பிடும் விகிதத்துக்கு அலகு இல்லை. அலகு இல்லாதபடியால் அலகில் நடக்கும் மோசடியும் அதனைத் தீண்டாது. விலை என்பது அவ்வாறன்று. அது காசுக்கும் நெல்லுக்கும் இடையே நிற்பது. கொத்துச் சுருங்கினால் விலை சொல்லாமலே ஏறிவிடும்.

அளவு மாறினும் விகிதம் மாறாது என்ற இவ்வுண்மையின் மீது இக்கரையிற் பிறந்த ஒருவர் தம் வாழ்வின் பெருநூலை எழுப்பினார் என்பது இவ்விடத்தில் நினைத்தற்குரியது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) விஞ்ஞானம் பயின்று இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், பின்னர்த் துறவியானவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். 1947இல் அரங்கேறிய அவருடைய ‘யாழ்நூல்’ இசையைச் சுவையாக மட்டும் ஆராயவில்லை, எண்ணாகவும் ஆராய்ந்தது. நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றிலிரண்டு பங்கை மீட்டினால் பஞ்சமம். நாலில் மூன்று பங்கை மீட்டினால் மத்திமம். நரம்பு ஒரு சாண் நீளமோ ஒரு முழம் நீளமோ, இவ்வுறவு மாறாது. ஐந்தாம் நரம்பைக் ‘கிளை’ என்றும் நாலாம் நரம்பை ‘நட்பு’ என்றும் பழந்தமிழர் பெயரிட்டமை, விகிதத்தை உறவாகவே கண்ட ஒரு மனப்பாங்கைக் காட்டும். பதினைந்து மடங்கு என்று வயலிற் கணக்கிட்டவனும் மூன்றுக்கு இரண்டு என்று யாழிற் கணக்கிட்டவரும் ஒரே மண்ணினர்.

இனி, விகிதமாக இருந்தது நிலையான தொகையாக மாற்றப்படும்போது நேர்வதைக் காணலாம். அரசுக்கு உரியது விளைவிற் பத்திலொன்று என்பது இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய நெல்வரி வீதங்களுள் முதன்மையானது. நூறு மரக்கால் விளைந்தால் பத்து. இருபது விளைந்தால் இரண்டு. ஒன்றும் விளையாவிடில் ஒன்றுமில்லை. வானம் பொய்த்த நட்டத்தில் அரசும் பங்கெடுத்தது. களத்துக்குக் களம் சென்று பங்கு பிரிப்பது அரசாங்கத்துக்குத் தொல்லையாயிற்று. இடையில் நின்ற வரிக்குத்தகைக்காரர் செய்த கொடுமையும் பெரிது. எனவே 1878ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம், சராசரி விளைவை மதிப்பிட்டு அதற்கேற்ப ஆண்டுதோறும் நிலையான பணத்தைச் செலுத்தும் முறையை வகுத்தது. காகிதத்தில் இரண்டும் ஒரே பத்திலொன்றுதான். நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் கலந்த சராசரியிற் பத்திலொன்று என்பது, கெட்ட ஆண்டில் ஐந்திலொன்றாகலாம், பாதியாகவும் ஆகலாம். 1880களில் மலைநாட்டு வலப்பனைப் பகுதியில் வரி செலுத்தமாட்டாத குடியானவர்களின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பலர், பட்டினியால் மாண்டோரும் உளர். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதனை வெளிப்படுத்தி எழுதிய அறிக்கைகள் பெருஞ் சர்ச்சையை எழுப்பின. 1892இல் நெல்வரியை ஒழிக்க முடிவாயிற்று. சராசரி என்ற ஒரு சொல் செய்த தீங்கு இத்துணை.

இதனோடு இக்கரை முஸ்லிம்களின் மார்க்கக் கடமையாகிய விளைபொருட் ஸகாத்தை ஒப்பிடுதல் பொருத்தமாகும். அங்கும் வீதம் பத்திலொன்றே. ஆனால் அது மழையாலும் ஆற்றாலும் தானே நீர் பெறும் பயிருக்கு உரியது. உழைத்து இறைத்து நீர் பாய்ச்சிய பயிருக்கு இருபதிலொன்று. செலவு கூடிய இடத்தில் வீதம் பாதியாகின்றது. மேலும், குறித்த ஓரளவுக்குக் குறைந்த விளைவுக்குக் கடமையே இல்லை. அரசின் பத்திலொன்று இவ்விரு வேறுபாட்டையும் அறியவில்லை. எண் ஒன்றாயிருப்பது கொண்டு நீதியும் ஒன்றென மயங்குதல் கூடாது.

நிலவுடைமையாளனுக்கும் குத்தகைக்காரனுக்கும் இடையிலும் இதே சிக்கல் எழுந்தது. போடியார் எனப்படும் பெருநிலக்காரர் செல்வாக்குப் பெற்றிருந்த கீழ்க்கரைக்கு இது அயலான செய்தியன்று. இலங்கையிற் பரவலாக வழங்கிய பாதிப்பங்கு வாரத்தைக் குறைக்கும் நோக்குடன் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், விளைவில் நாலிலொன்று அல்லது ஏக்கருக்கு வரையறுத்த இத்தனை புசல், இவ்விரண்டிற் குறைந்தது எதுவோ அதுவே குத்தகை என விதித்தது. கெட்ட ஆண்டில் விகிதம் உழவனைக் காக்கும். நல்ல ஆண்டில் நிலையான அளவு அவனைக் காக்கும். சட்டம் நடைமுறையிற் பல இடங்களிற் தோற்றது. குத்தகைக்காரர் பலர் வெளியேற்றப்பட்டனர். எனினும் அதன் கணக்கு நுட்பமானது. 1878இன் பிழையை உணர்ந்த கை எழுதியது போலும்.

நெல்லுக்கும் அரிசிக்கும் உள்ள உறவுக்கு வருவோம். இரண்டு கொத்து நெல்லைக் குற்றினால் ஒரு கொத்து அரிசி என்பது உரலும் உலக்கையும் பிடித்த பெண்டிர் எவரும் அறிந்த கணக்கு. நிறையாற் பார்த்தாலும் அது ஏறத்தாழப் பொருந்தும். ஒரு புசல் நெல் 46 இறாத்தல். ஆலையிற் குற்றினால் நூற்றுக்கு அறுபத்தெட்டளவு அரிசி, அதாவது ஏறத்தாழ 31 இறாத்தல். ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல் என்று கொண்டால் அது பதினைந்தரைக் கொத்து. முப்பத்திரண்டு கொத்து நெல்லுக்குப் பதினாறு என்ற வீட்டுக் கணக்குக்கும் ஆலைக் கணக்குக்கும் அரைக் கொத்துத்தான் வித்தியாசம். வியப்பு யாதெனில், பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சிரியா நாட்டில் வாழ்ந்த இமாம் நவவியும் இதே விகிதத்தைப் பதிவு செய்தமையாகும். இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மரபின் பெருநூலாகிய அவருடைய ‘மின்ஹாஜ்’, சுத்தமான தானியத்துக்கு ஸகாத் கடமையாகும் அளவு ஐந்து வஸக் என்றும், அரிசியைப்போல உமியோடு சேமிக்கப்படும் தானியத்துக்குப் பத்து வஸக் என்றும் கூறுகின்றது. உமி பாதி, அரிசி பாதி என்பதே இதன் அடிப்படை. இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதம் இக்கட்டுரையில் மீண்டும் வரும். அப்போது அதன் விளைவு களவெட்டியைக் கடந்து அமைச்சரவை வரை எட்டியிருக்கும்.

அளவைகளின் பெயர்களைப் பொறுத்தவரை இக்கரையில் மூன்று அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. மரக்கால், நாழி என்பன தமிழருக்குப் பொதுவானவை. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத் தொடக்கத்திலும் வணிகருக்குரிய வாய்பாட்டில் 24 சேர் ஒரு பறை, 8 பறை ஓர் அமுணம், 75 பறை ஒரு ‘லாஸ்ட்’ என்று வழங்கின. மேலே பிரித்தானியரின் புசல் வந்து அமர்ந்தது. நாலு சுண்டு ஒரு கொத்து, முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல் என்பதே கடைசியாக நிலைத்த வாய்பாடு. அளக்கும் முறை வேறு. தலைதட்டி அளந்த கொத்தும் கோபுரமாகக் குவித்தளந்த கொத்தும் ஒன்றாகா. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தட்டியும் அளப்பவன் விலையை மாற்றாமலே இலாபம் காண்பான். அல்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவிற் குறை செய்வோரின் பெயராலேயே வழங்குவது, இக்குற்றம் எத்துணைப் பழையது, எத்துணைப் பெரியதாகக் கருதப்பட்டது என்பதற்குச் சான்று.

கணக்கிடும் முறைக்கும் ஒரு நெடிய வரலாறு உண்டு. இத்தனைக்கு இவ்வளவு எனில் அத்தனைக்கு எவ்வளவு என்னும் வினாவுக்கு விடை காணும் விதியை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவிற் சூத்திரமாக்கினார். திரைராசிகம் என்பது அதன் பெயர். பிரமாணம், பலன், இச்சை என மூன்றும் தெரிந்தால், பலனை இச்சையாற் பெருக்கிப் பிரமாணத்தால் வகுக்க நாலாவது கிடைக்கும். பாஸ்கரரின் ‘லீலாவதி’ (1150) வணிகக் கணக்குப் பலவற்றை இவ்விதியாலேயே முடிக்கின்றது. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி இந்தியரின் இராசிக விதிகளைப் பற்றித் தனி நூலே அரபு மொழியில் எழுதினார். அவருக்கு இரு நூற்றாண்டு முன்னர் அல்குவாரிஸ்மி தம் அல்ஜீப்ரா நூலில் வாங்கல் விற்றலுக்கு ஒரு பகுதியும், பங்கு பிரிக்கும் வாரிசுரிமைக் கணக்குக்கு மிகப் பெரிய பகுதியும் ஒதுக்கினார். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த இந்துப் பிள்ளையும் பள்ளிவாசலிற் பாகப் பிரிவினை கேட்ட முஸ்லிம் பிள்ளையும் ஒரே ஆற்றின் இரு கிளைகளிற் நீர் மொண்டவர்கள்.

இவ்விதியில் ஒரு தொழில் நுட்பம் உண்டு. புசல் 12 ரூபா எனில் 20 கொத்தின் விலை என்ன? முதலில் ஒரு கொத்தின் விலையைக் கண்டு பெருக்கலாம்: 1,200 சதத்தை 32ஆல் வகுக்க முப்பத்தேழரைச் சதம், இருபதாற் பெருக்க 7 ரூபா 50 சதம். அன்றி முதலிற் பெருக்கிப் பின் வகுத்தால் 12 × 20 = 240; 240 ÷ 32 = 7.50. முன்னது பின்னத்தை இடையிற் கொண்டுவரும். பின்னது கடைசியில்தான் வகுக்கும். திரைராசிகம் பின்னதைத் தேர்ந்தது வீணுக்கன்று. எனினும் சந்தைக்குப் போகிறவளுக்கு வேண்டியது முன்னதே. ஒன்றின் விலை தெரிந்தால்தான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும்.

நெல்லை விட்டு நூலுக்குச் சற்றுத் திரும்புவோம். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் ஓரலகுக் கணக்கு வேறு வடிவம் கொண்டது. பருத்தி நூலின் ‘நம்பர்’ என்பது நேராகவே ஒரு வீதம்: 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறைவருமோ அதுவே அந்நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் இறாத்தலுக்கு 33,600 யார். இருபதாம் நம்பர் அதிற் பாதி. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இறாத்தலுக்கு விலை கூடிய மெல்லிய நூல், யாருக்கு விலை குறைந்ததாக இருத்தலும் கூடும். 1,800 இழையில் 20 யார் நீளப் பாவு ஓட 36,000 யார் நூல் வேண்டும். இருபதாம் நம்பராயின் இரண்டு இறாத்தலுக்கு மேற்படும். நாற்பதாம் நம்பராயின் ஓர் இறாத்தலும் சொற்பமும். பஞ்சாலையிற் பத்து இறாத்தற் கட்டாகக் கட்டப்பட்ட நாற்பதாம் நம்பர் நூலிலே 400 கழி இருத்தல் வேண்டும். கழியை எண்ணினால் நீளம் தெரியும், தராசில் இட்டால் நிறை தெரியும். இரண்டும் நம்பரோடு பொருந்தாவிடில் கட்டிற் சூது உண்டு. வணிகன் சொன்ன விகிதத்தைத் தன் கையாலேயே சோதிக்கும் வாய்ப்பு நெசவாளனுக்கு இருந்தது. நெல் விற்பவனுக்கு அத்தகைய வாய்ப்பு எளிதிற் கிட்டவில்லை.

இரண்டாம் உலகப்போர் இக்கரையின் நெல்லைத் தேசத்தின் கேள்வியாக்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. இலங்கை உண்ணும் அரிசியிற் பெரும்பகுதி இறக்குமதியாகவே வந்துகொண்டிருந்த காலம் அது. கீழ்க்கரையில் உணவு உற்பத்தியைப் பெருக்குதற்பொருட்டுக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் (1911–1973). யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் என்ற பெருமை பெற்றவர் அவர். காடு வெட்டி வயலாக்கும் பணிக்கிடையே, விபுலாநந்த அடிகளின் நட்பும் ஊக்கமும் இங்குதான் அவருக்கு வாய்த்தன; கல்வித் தொண்டுக்கு அவரைத் திருப்பியதில் அத்தொடர்புக்கு இடமுண்டு. கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அந்நாளில் அவர் தோற்றுவித்தது. இந்துக் கல்லூரி மாணவர் ஒருவர் முஸ்லிம் ஊர்களில் நெல்லையும் கல்வியையும் ஒருங்கே பயிரிட்டார் என்பது இக்கரை வரலாற்றின் இனிய பக்கங்களில் ஒன்று.

போரோடு அரிசிப் பங்கீடும் வந்தது. போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதம் என நின்றது. மறுபுறம் நெல்லுக்கு அரசாங்கம் உத்தரவாத விலை வகுத்தது. 1952இல் அது புசலுக்கு 12 ரூபாவாயிற்று. 1949இற் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் மேற்கே பெரு நீர்த்தேக்கமும் புதிய வயல்களும் தோன்றின. அமுணம் பின்வாங்கி ஏக்கர் முன்வந்தது.

இங்குதான் அந்த இரண்டுக்கு ஒன்று மீண்டும் வருகின்றது. புசல் 12 ரூபா எனில் ஒரு கொத்து நெல் முப்பத்தேழரைச் சதம். ஒரு கொத்து அரிசிக்கு இரண்டு கொத்து நெல். ஆகவே அரிசிக்குள் அடங்கிய நெல்லின் விலையே 75 சதம். குற்றுகூலி, வண்டிக்கூலி, சாக்கு, சங்கக் கடையின் செலவு எதுவும் இதிற் சேரவில்லை. 75 சதத்துக்கு வாங்கியதை 25 சதத்துக்குக் கொடுத்தால் ஒவ்வொரு கொத்துக்கும் குறைந்தது 50 சதம் திறைசேரியிலிருந்து போகும். இறக்குமதி அரிசியின் விலையும் கொரியப் போர்க்காலத்தில் ஏறியது. ஏற்றுமதி வருவாயோ வீழ்ந்தது. 1952 டிசம்பரிற் சீனாவுடன் செய்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு எதிரே 2,70,000 தொன் அரிசியை வைத்தது. ஒரு தொன் இறப்பருக்கு ஐந்து தொன்னுக்குச் சற்று மேற்பட்ட அரிசி. அது மூச்சுவிட இடந்தந்ததேயன்றிப் பற்றாக்குறையைத் தீர்க்கவில்லை.

1953 ஜூலையில், டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கத்தில் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரத, தபாற் கட்டணங்கள் உயர்ந்தன. திறைசேரியின் கணக்கேட்டில் 70 சதம் இன்னும் நட்டமே. அது நெல்லின் விலையாகிய 75 சதத்தைக்கூட எட்டவில்லை. வாங்குவோன் வீட்டிலோ, பத்துக் கொத்துக்கு 2 ரூபா 50 சதம் கொடுத்த கை 7 ரூபா கொடுக்கவேண்டியதாயிற்று. ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரே எண்ணை ஒருவர் 75க்கு அருகில் வைத்துப் பார்த்தார். மற்றவர் 25க்கு அருகில் வைத்துப் பார்த்தார். இரு ஒப்பீடும் கணிதத்திற் சரியே. கூலியாள் நாட்கூலியைக் கொத்தரிசியாற் வகுத்துப் பார்ப்பவன். அவனுக்கு மற்றை வகுத்தல் பொருளற்றது. 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடந்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. அவ்வாண்டு அக்டோபரிற் பிரதமர் பதவி துறந்தார். சேர் ஜோன் கொத்தலாவலை அப்பதவிக்கு வந்தார். விலையும் இறங்கத் தொடங்கி, 1960களில் மீண்டும் 25 சதத்திலே நின்றது.

கீழ்க்கரை உழவன் இதில் இருபுறமும் நின்றவன். நெல்லை 12 ரூபாவுக்கு விற்பவனும் அவனே; சங்கக் கடையில் அரிசி வாங்குபவனும் அவனே. தன் வயல் நெல்லைக் குற்றியுண்டால் கொத்துக்கு 75 சதம் உண்கிறான். அதை விற்றுவிட்டுக் கூப்பன் அரிசியை உண்டால் 25 சதம். வீட்டு நெல்லை விற்றுக் கடையரிசி உண்பது கௌரவக் குறைவு என்று முதியோர் கருதியிருக்கலாம். கணக்கு வேறு வழியைக் காட்டியது.

1966 டிசம்பரில் மீண்டும் பதவியிலிருந்த டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கம் வேறொரு வழியை நாடியது. வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு கொத்து, கொத்து 25 சதம் என்றிருந்ததை ஒரு கொத்து இலவசம் என மாற்றிற்று. ஒரு கொத்தின் விலை சுழியமாயிற்று. இதனினும் மலிவு இல்லை. ஆயினும் இரண்டு கொத்து உண்பவன் முன்னர் 50 சதம் கொடுத்தான். இப்போது இரண்டாவதை வெளிச்சந்தையில் வாங்கவேண்டும். சந்தையிற் கொத்து 50 சதத்துக்குக் குறைந்தால் அவனுக்கு இலாபம், கூடினால் நட்டம். நெல்லின் விலையே 75 சதமாகும்போது அரிசி 50 சதத்துக்கு எவ்வாறு கிடைக்கும்? ‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டு மக்கள் மயங்கவில்லை. இரண்டாவது கொத்து 1970 தேர்தலின் பெரும் வாக்குறுதியாயிற்று. ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. திரும்பி வந்த இரண்டாவது கொத்தின் விலை 75 சதம். பழைய உத்தரவாத விலையை இரண்டுக்கு ஒன்றால் மாற்றிக் கண்ட அதே தொகை அது.

நாணயம் மட்டும் நெடுநாளைக்கு முன்னரே பதின்மத்துக்கு வந்துவிட்டது. இலங்கை 1872இலேயே ரூபாவை நூறு சதமாகப் பகுத்தது. இந்தியா அணாவை விட்டு நூறு பைசாவுக்கு வந்தது 1957இல். ஆகவே ஒரு நூற்றாண்டு முழுவதும் கல்முனைக் கடைக்காரன் நூறாற் பகுத்த காசைக்கொண்டு, பதினாறு அவுன்சு இறாத்தலையும், நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல் அந்தரையும், முப்பத்திரண்டு கொத்துப் புசலையும் விலைபேசினான். அந்தர் விலையிலிருந்து இறாத்தல் விலை காண 112ஆல் வகுப்பது எளிதன்று. மனக்கணக்கில் வல்லவன் பிழைத்தான். 1970களில் மெற்றிக் முறை வந்தபின் அத்தொல்லை நீங்கிற்று. கூடவே கொத்தும் சுண்டும் கடையை விட்டுப் போயின. முகத்தளவை நிறையளவையாயிற்று, தலைதட்டுவதும் குவிப்பதும் ஒழிந்தன.

சூதுக்கு இடம் ஒழிந்துவிட்டதா எனில், அது ஈரத்தில் ஒளிந்துகொண்டது. நெற் சந்தைப்படுத்தும் சபை (1971இல் நிறுவப்பட்டது) ஏற்கும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14க்கு மேற்படலாகாது. நூற்றுக்கு 20 ஈரமுள்ள 100 கிலோ நெல்லைக் கொணர்ந்தவனுக்கு எவ்வளவு கழிக்கவேண்டும்? இருபதிற் பதினான்கு போக ஆறு கிலோ என்று சொல்லிவிடுவது எளிது. உலர்பொருள் 80 கிலோ, உலர்ந்த நெல்லில் அது நூற்றுக்கு 86 பங்காக இருத்தல் வேண்டும், 80ஐ 0.86ஆல் வகுக்க 93 கிலோ. ஆகவே நியாயமான கழிவு ஏழு கிலோ. இங்கு எளிய கணக்கு உழவனுக்குச் சாதகம். ஆனால் ஈரமானியைக் காணாமலே மூடைக்கு இத்தனை என்று மொத்தமாகக் கழிக்கும் வணிகனிடம் ஆறும் ஏழும் பயனில்லை; அங்கு விகிதமே இல்லை, வெறுந் தொகைதான். 1878ஆம் ஆண்டின் சராசரி வேறு உருவிற் திரும்பி வந்தமை போன்றது இது.

முகத்தளவை முற்றாக மறையாத இடம் ஒன்று உண்டு. நோன்புப் பெருநாளில் ஒவ்வொரு முஸ்லிமும் தலைக்கு ஒரு ‘ஸாஉ’ உணவுத் தானியத்தைப் பித்ராவாகக் கொடுத்தல் கடமை. ஸாஉ என்பது கொள்ளளவு. நாலு ‘முத்து’ கொண்டது. கடையில் அரிசி கிலோவில் விற்கப்படுவதால் அதனை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ என்று மாற்றிச் சொல்கின்றனர். நாட்டரிசிக்கும் சம்பாவுக்கும் மணியின் பருமன் வேறு. ஒரே பாத்திரத்தில் அளந்தால் நிறை சற்று மாறும். ஆகையால் எத்தனை கிராம் என்று துல்லியமாக ஓர் எண்ணைச் சொல்வதிற் கருத்து வேறுபாடு எழுவது இயல்பே. பேணுதலுடையோர் சற்றுக் கூட்டியே கொடுக்கின்றனர். நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் பெருநாளுக்கு முந்திய இரவில் வீட்டுக்கு வீடு அரிசி இன்றும் அவ்வாறே அளக்கப்படுகின்றது.